நம்பர் தராத நல்லவர்

உலகத்தில் நம்பர் தராதவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். கடையில் எப்போதும் உங்களுக்கு நேர் முன்னால்தான் நிற்பார். பில் போடும் பெண், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சார், போன் நம்பர்?" என்று கேட்பாள். அவ்வளவுதான். நடுக்கடையில் வைத்துச் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டதுபோல அவர் ஓரடி பின்வாங்குவார். அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் நிற்போம். ஒருத்தி இடுப்பில் குழந்தை இருக்கும். அது அழுதுகொண்டும் இருக்கும்.

"எதுக்கும்மா நம்பர்?"

"பில் போடணும் சார்."

"நான் வாங்கறது ஒரு ஜோடி சாக்ஸ். சாக்ஸுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்?"

"கம்ப்யூட்டர் கேக்குது சார்."

"கம்ப்யூட்டர் கேக்குதா, இல்ல கம்ப்யூட்டருக்குப் பின்னால இருந்து வேற யாராவது கேக்கறாங்களா?"

அந்தப் பெண் பாவம், ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பாள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். யாரும் இல்லை என்பதுதான் அவருக்கு இன்னும் பெரிய சந்தேகம்.

இவரைக் கஞ்சர் என்றோ சிடுமூஞ்சி என்றோ நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். அவசரத்துக்கு ரத்தம் வேண்டும் என்றால் முதல் ஆளாகக் கையை நீட்டுவார். என்ன வகை ரத்தம் என்று கேட்டால்தான் கையை இழுத்துக்கொள்வார்.

இந்த இனத்தில் பிரிவுகள் உண்டு. கடைநிலையில் இருப்பவர், "என்கிட்ட போனே இல்லைங்க" என்பவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பாக்கெட் பாட ஆரம்பித்துவிடும். இடைநிலையில் இருப்பவர் எல்லா இடத்திலும் மனைவியின் நம்பரைக் கொடுப்பவர்; கண்காணிக்கிறவர்கள் மனைவியைக் கண்காணித்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. உச்சியில் இருப்பவர் சண்டை போடுவதோடு நிற்க மாட்டார். கடைசியில், பெரிய மனது பண்ணி இறங்கி வருவதுபோல ஒரு பெருமூச்சு விட்டு, கடகடவென்று ஒரு நம்பரைச் சொல்லுவார். அது அவர் நம்பரில் ஓர் இலக்கம் மாறியது. பில் போடும் பெண்ணுக்கும் நிம்மதி, குழந்தைக்காரிக்கும் நிம்மதி, அவருக்கும் வெற்றி. என் மச்சான் இந்த உச்சியைச் சேர்ந்தவர்.

மச்சான் என்றால் என் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று நினைக்கிறீர்கள்? ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில், முன்னால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நம்பர் வாங்குகிற வேலை. காலை ஏழு மணியிலிருந்து, வெறும் வயிற்றோடு வந்து நிற்கிற ஜனங்களிடம், "பேரு, வயசு, போன் நம்பர். ஒண்ணு போதாது, வீட்டுல இன்னொருத்தர் நம்பரும் வேணும்" என்று ஒரே மூச்சில் கேட்பார். ஒரு தடவை ஓர் அம்மாள் தயங்கி, "நம்பர் எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டாள். மச்சானுக்கு வந்ததே கோபம்! "ரிசல்ட்டை யாருக்கும்மா அனுப்பறது? காத்துக்கா?" என்று அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி அதட்டினார்.

"என்ன மச்சான், நீங்களே இப்படிக் கேக்கறீங்களே?" என்று நான் பிற்பாடு விசாரித்தேன்.

"அது வேற, இது வேற மாப்பிள்ளை. அங்க நம்பரை வாங்கறவன் நான். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்ல?"

அதே நிலையத்தில் வருகைப் பதிவுக்குக் கட்டைவிரல் வைக்கும் எந்திரத்தை மாட்டினார்கள். மறுநாள் மச்சான் வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு போனார். இடது கையை வைக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த நாள் இடது கட்டைவிரலிலும் காயம். பத்து விரலுக்கும் காயம் பரவுவதற்குள் மேலாளர் தோற்றுப்போய், மச்சானுக்கென்று தனியாக ஒரு நோட்டு வாங்கி வைத்துவிட்டார். எந்திரத்தில் அறுபது பேர் கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கிறார்கள். அந்த நோட்டில் மட்டும், மச்சான் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எந்த நாளில் வரவில்லை என்பது அழகான கையெழுத்தில், அவர் ஒருவரைப் பற்றி மட்டும், வருஷக்கணக்காக இருக்கிறது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. தூக்கம் கெட்டுவிடும்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் எல்லாருடைய போனையும் வசூல் செய்வார். வசூலானதை ஃபிரிட்ஜுக்குள், தக்காளிக்குப் பக்கத்தில் அடுக்கிக் கதவைச் சாத்துவார். பிறகு ஜன்னல். பிறகு டிவி, அணைத்த டிவி போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிறகு அவர், நான், என் மனைவி மூவரின் தலையும் ஒன்றோடொன்று இடிக்கிற தூரத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைத் தாழ்த்தி விஷயத்தைச் சொல்வார்.

"இந்த வருஷம் வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாம்னு இருக்கேன்."

போலீஸைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. தெருவில் போலீஸ் வண்டி வந்தால் வேகமாக நடக்க மாட்டார், ஓடுகிறான் என்பார்களாம். மெதுவாகவும் நடக்க மாட்டார், நோட்டம் விடுகிறான் என்பார்களாம். நின்றால் பதுங்குகிறான். ஆகவே குனிந்து செருப்பு வாரைச் சரி செய்வார். வண்டி சிக்னலில் நின்றுவிட்டால், அது கிளம்பும்வரை சரி செய்துகொண்டே இருப்பார்.

"கேளுங்க மாப்பிள்ளை. முன்னாடியெல்லாம் போலீஸு ஆளைப் பிடிச்சிட்டு, இவன் என்ன பண்ணினான்னு தேடும். இப்போ நம்பரைப் பிடிச்சிட்டு, இது எந்த ஆளுன்னு தேடுது. நம்பர் எந்த வீட்டுல இருக்கோ அந்த வீட்டுக் கதவைத் தட்டும். உள்ள இருக்கறவன் 'நான் இல்லைங்க'ன்னு சொன்னா, நீ இல்லேன்னா உன் நம்பர் எப்படிடா அங்க வந்துச்சுன்னு கேக்கும். அதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க? சொல்லுங்க பார்ப்போம்!"

நான் என்ன சொல்வேன்? முழிப்பேன். இதில் தொல்லை என்னவென்றால் அவர் சொல்வதில் தப்பே கிடையாது. ஒரு மனிதர் அபத்தமாகவும் இருந்துகொண்டு சரியாகவும் பேசினால், பக்கத்தில் இருக்கிறவன் பாடு திண்டாட்டம்தான்.

ஓர் இலக்கம் மாற்றிய அந்த நம்பரை அவர் தயார் செய்து பதினோரு வருஷம் ஆகிறது. முதலில் செருப்புக் கடை. பிறகு கண்ணாடிக் கடை, மருந்துக் கடை, இரும்புச் சாமான் கடை என்று விரிந்தது. இங்கேதான் இந்த இனத்துக்கே உரிய ஒரு பிசகு இருக்கிறது, கவனியுங்கள். பொய் சொல்கிற மற்றவர்கள் தடவைக்கு ஒரு பொய் சொல்வார்கள். நம்பர் தராதவர் ஒழுக்கமானவர். பொய் நம்பரைக்கூட மாற்றாமல், பிறழாமல், பதினோரு வருஷமும் ஒரே நம்பராகச் சொன்னார். அந்த நம்பருக்கும் ஓர் ஆள் இருக்கக்கூடும் என்பது மட்டும், உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட அந்த மூளைக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது அவருடைய நாய்.

கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய் வளர்க்கிறார். அதற்குப் பேர் கிடையாது. பேர் வைத்தால் எங்கேயாவது எழுதிக்கொள்வார்களாம். "நாயே" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் மரியாதையாக வரும். அதற்குத் தடுப்பூசி போட ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் காரில் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். நாய் பின் சீட்டில், மச்சான் அதற்குப் பக்கத்தில், போன் வழக்கம்போல அவர் வீட்டு ஃபிரிட்ஜில்.

கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள். "நம்பர்?"

மச்சான் சண்டை போடவில்லை, நாய் இழுத்துக்கொண்டிருந்தது. கடகடவென்று ஒப்பித்தார்.

"அது என் நம்பர்" என்றது ஒரு குரல்.

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். அவள் மடியில் பூனையும் இல்லை, காலடியில் நாயும் இல்லை. மடியில் ஒரு கைப்பை, கையில் ஒரு போன், அவ்வளவுதான். எழுந்து வந்து போனை மச்சான் முகத்துக்கு நேரே பிடித்தாள். "உங்கள் செல்லப் பிராணிக்கு நாளை காலை பத்து மணிக்குத் தடுப்பூசி" என்று அந்த மருத்துவமனைப் பேரோடு அதில் இருந்தது.

"ஒன்பது மணியிலேருந்து இங்க உக்காந்திருக்கேன். வர்ற ஒவ்வொருத்தரையா பார்த்துட்டிருக்கேன். நீங்கதானா அது?"

"எது?" என்றார் மச்சான்.

"ஒன்பதாம் நம்பர் செருப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடி. போன வருஷம் வலது கண்ணு பவர் கூடிச்சு. முட்டிவலித் தைலம் மூணு பாட்டில் வாங்கினா ஒண்ணு இலவசம். பிறந்தநாள் வாழ்த்து வருஷத்துக்கு நாலு தடவை, நாலு வேற வேற தேதியில. தொப்பைக்கு இடுப்பு பெல்ட்டு ஆர்டர் பண்ணி, சைஸ் பத்தலேன்னு திருப்பிக் குடுத்து, பெரிசு வாங்கினீங்க. எல்லாம் எனக்குத்தான் வரும். பதினோரு வருஷமா உங்களோட குடித்தனம் நடத்திட்டிருக்கேன் சார் நான்!"

இடுப்பு பெல்ட் விஷயம் எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மச்சான் தன்னையறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். ஊர் உலகத்துக்கு ஒன்றும் தெரியாமல் வாழ்ந்துவிட்டதாக நினைத்த மனிதர். அவர் சரித்திரம் முழுக்க வரி விடாமல் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சொந்த வேன். காலையில் பதினாறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவள். நடந்ததை நின்றபடியே சொன்னாள். போன வாரம் மின்விசிறிக் கிடங்கு ஒன்றின் பூட்டை வெட்டி யாரோ திருடியிருக்கிறார்கள். பூட்டை வெட்டிய பெரிய கட்டரை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மாதிரி கட்டர் ஊரில் ஒரே ஒரு இரும்புக் கடையில்தான் கிடைக்கும். கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தால் இதுவரை மூன்று கட்டர் விற்றிருக்கிறது, மூன்று நம்பர் இருக்கிறது. இரண்டு பேர் தங்கள் கட்டரைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்கள். மூன்றாவது நம்பர் இவளுடையது.

"நான் அந்தக் கடை பக்கமே போனதில்லைங்கறேன். அப்போ உன் நம்பர் எப்படி அங்க வந்துச்சுங்கறாங்க. மூணு நாளா தினமும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு பெஞ்சுல உக்கார வைக்கிறாங்க. பெத்தவங்களுக்கு விஷயம் தெரிஞ்சு ரெண்டு வீட்டுல பிள்ளைங்களை வேற வேன்ல அனுப்பிட்டாங்க. பழகின பிள்ளைங்க சார், என்னைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்புதுங்க. திங்கக்கிழமைக்குள்ள ஸ்டேஷன்லேருந்து சுத்தம்னு லெட்டர் வரலேன்னா என் வேன் ஓடற ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. அந்தக் கட்டரை நீங்கதானே வாங்கினீங்க?"

மச்சான்தான் வாங்கினார். அலமாரிக்கு நம்பர்ப் பூட்டுப் போட்டு, வாரம் ஒருதரம் நம்பரை மாற்றி, ஒரு வாரம் மாற்றிய நம்பர் அவருக்கே மறந்துபோய், அதை வெட்ட வாங்கினார். எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் முகத்தில் வந்தது பயம் இல்லை, வெட்கமும் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள்: பூரிப்பு.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை! நம்பரைப் பிடிச்சிட்டு ஆளைத் தேடறாங்கன்னு நான் சொன்னேனா இல்லையா? அப்படியே நடந்திருக்கு பாருங்க!"

"நீங்க சொன்னது சரிதான் சார்" என்றாள் அந்தப் பெண். "சொன்னதோட நிறுத்தியிருக்கலாம். என்னை வச்சுச் செஞ்சு காட்டிட்டீங்க."

எனக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் அந்த நம்பரைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நின்று சிரித்தவன் என்பதால் எனக்காகவும் வெட்கமாக இருந்தது. நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டு, வழியில் அவர் வீட்டில் நாயை இறக்கிவிட்டு, கட்டரை எடுத்துக்கொண்டு, மூவருமாக ஸ்டேஷனுக்குப் போனோம். வழியெல்லாம் மச்சான், "உள்ள வச்சிடுவாங்க மாப்பிள்ளை, உள்ள வச்சிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் வந்தார். அதைச் சொல்லியாக வேண்டும்.

இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். அவர் யாரையும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படுகிற வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. அவர் அதை வாசித்துக் காட்டினார். மச்சான் கட்டரை மேஜைமேல் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டு, விரல்களைக் கீபோர்டுமேல் வைத்தார்.

"சரி. உங்க உண்மையான நம்பரைச் சொல்லுங்க."

ஸ்டேஷனில் வைத்துப் போலீஸ் கேட்கிறது. பதினோரு வருஷமாக எந்தக் கணத்துக்குப் பயந்தாரோ அந்தக் கணம். மச்சான் கண்ணை மூடினார், கடகடவென்று சொன்னார்.

இன்ஸ்பெக்டர் தட்டினார். "இது அந்தம்மா நம்பர்."

"மன்னிச்சுக்குங்க. வாய் தவறிடுச்சு." மறுபடி கண்ணை மூடினார். மறுபடியும் அதே நம்பர்தான் வந்தது. மூன்றாம் தடவை பாதியில் நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பி, நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் கேட்டார்.

"மாப்பிள்ளை, என் நம்பர் என்ன?"

பதினோரு வருஷமாக வாயால் யாரிடமும் சொன்னதில்லை அல்லவா? சொல்லாத நம்பர் நினைவில் எப்படி நிற்கும்? நடுவில் ஏதோ ஓர் இலக்கத்தை மாற்றியது ஞாபகம் இருக்கிறது. எதை, எதிலிருந்து என்பது போய்விட்டது. தன் நம்பரே தெரியாத ஒருவரை இன்ஸ்பெக்டர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவரு உங்களுக்கு யாரு?"

"என் மனைவியோட அண்ணன்."

"நிச்சயமா தெரியுமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக ஒரு விநாடி யோசித்தேன். என் போனைப் பார்த்து நம்பரை வாசித்தேன். ஒவ்வோர் இலக்கத்துக்கும் மச்சான் பல் பிடுங்குவதுபோல முகத்தைச் சுளித்தார்.

"சரி, கட்டர் வாங்கின பில் இருக்கா?"

இருந்தது. மச்சான் எந்த பில்லையும் தொலைத்தவர் இல்லை. ஆனால் எந்த பில்லையும் முழுசாகவும் வைத்தவர் இல்லை. நம்பர் இருக்கிற இடம், தேதி இருக்கிற இடம், பில் எண் இருக்கிற இடம், மூன்றையும் நகத்தால் கிள்ளி எடுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கிப் பிடித்தபோது ஓட்டைக்கு அந்தப்பக்கம் அவருடைய கண் தெரிந்தது.

"ஏன் சார் இப்படிக் கிழிச்சீங்க?"

"பாதுகாப்புக்கு."

"யாருக்கு?"

அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே காகிதம் அது. மூன்று இடத்தில் ஓட்டை.

"கடையில கேமரா இருக்குமே சார்?" என்றேன் நான்.

"இருக்கு. பார்த்தோம். முகம் தெரியல. அதனாலதான் இது பெரிய கைன்னு முடிவு பண்ணினோம்." இன்ஸ்பெக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். இரும்புக் கடைக்குள், நல்ல வெயில் நேரத்தில், ஒரு கறுப்புக் குடை விரிந்தபடி நுழைகிறது. குடை ஆணிப் பகுதியைத் தாண்டுகிறது. கேமராவுக்குக் கேமரா சாய்ந்துகொள்கிறது. குடைக்குக் கீழே இரண்டு கால்கள், ஒரு பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பி, வாத்து நடப்பதுபோல நடக்கின்றன. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. என் மனைவி நடப்பதும் அப்படித்தான். அது அவர்கள் வீட்டு நடை.

"இது நான்தாங்க" என்றார் மச்சான்.

"குடையைப் பிடிச்சு நடந்து காட்டுங்க."

ஒரு காவலரின் குடையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மச்சான் ஸ்டேஷனுக்கு நடுவில் அதை விரித்து, சுவரிலிருந்த கேமராவுக்குச் சாய்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். எழுதிக்கொண்டிருந்தவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். பூட்டிய அறைக்குள் இருந்த ஒருவன்கூடக் கம்பிக்கு அருகே வந்து பார்த்தான்.

"சார், அதே நடை!" என்று ஒரு காவலர் கத்தினார். அவர் சிரித்தது அப்புறம்தான்.

ஆக மூன்று கட்டருக்கும் ஆள் கிடைத்தாயிற்று. கடைக்குப் போன் பண்ணி மிச்சத்தை எண்ணச் சொன்னார்கள். எண்ணினால் ஒன்று குறைகிறது. திருடன் கட்டரை அங்கே வாங்கவில்லை. அதையும் திருடியிருக்கிறான். அவனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவன் நம்பர் கொடுக்கவில்லையே!

"நீங்க போகலாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் வேணும் சார். என்மேல சந்தேகம் இல்லேன்னு."

"சந்தேகம்னு எழுத எங்ககிட்ட ஃபார்ம் இருக்கு. சந்தேகம் இல்லேன்னு எழுத ஃபார்ம் கிடையாதும்மா." அவர் கேலி செய்யவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்துகூடப் பார்த்தார்.

அப்போது மச்சான் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். பரிசோதனை நிலையத்து அழகான கையெழுத்தில், தன் பேர், தன் முகவரி, தன் வேலை எல்லாம் எழுதி, பதினோரு வருஷமாக இந்தப் பெண்மணியின் நம்பரைத் தன் நம்பர் என்று தான் சொல்லி வந்ததையும், அவர் எந்தத் தவறும் செய்யாதவர் என்பதையும் எழுதினார். கடைசி வரியில் பேனா நின்றது.

"மெதுவா சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார். நான் மெதுவாகச் சொன்னேன். எழுதினார். கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர், ஃபார்ம் இல்லாவிட்டாலும், அதன்மேல் ஒரு முத்திரை குத்திக் கொடுத்தார்.

வாசலில் அந்தப் பெண், "இனிமே என் நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க சார்" என்றாள்.

"நம்பரை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுதானேம்மா நான் அன்னையிலேருந்து தலைபாடா அடிச்சுக்கறேன்!" என்றார் மச்சான். அவள் என்னைப் பார்த்தாள். நான் காரைத் திறக்கப் போய்விட்டேன்.

தாளைப் பார்த்த பள்ளித் தலைமை ஆசிரியை, எழுதியவரிடம் தானே பேசி உறுதி செய்துகொண்டுதான் முடிவு சொல்வேன் என்றுவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுவார். அதற்காகவே நான் மச்சான் வீட்டில் போய் உட்கார்ந்தேன். ஏனென்றால் இந்த இனத்துக்கு இன்னொரு விதி உண்டு: தெரியாத நம்பரை எடுக்கக் கூடாது. போன் மேஜைமேல் இருந்தது. அடித்தது. மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றுவிட்டது.

"மச்சான்! அதுதான் ஸ்கூல்!"

"ஸ்கூல்னு என்ன நிச்சயம் மாப்பிள்ளை? ஸ்கூல் மாதிரி வேற யாராவது பேசினா?"

மறுபடி அடித்தது. அவர் கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். நின்றுவிட்டது. சமையலறையிலிருந்து அக்கா, அதாவது அவர் மனைவி, ஈரக் கையோடு வந்து நின்றாள். பதினோரு வருஷமாகப் போனை எடுக்கத் தக்காளியை நகர்த்துகிறவள். சத்தம் போடவில்லை.

"அந்தப் பொண்ணோட பொழைப்பு அது. எடுங்க."

மூன்றாம் தடவை அடித்தபோது எடுத்தார். "யாரு?" என்றார். பிறகு, "முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமாங்க. நான்தான் எழுதினேன். இதுதான் என் நம்பர். தப்பு முழுக்க என்னோடது. அந்தம்மா அந்தக் கடை வாசலை மிதிச்சதுகூட இல்ல. எத்தனை தடவை வேணும்னாலும் கூப்பிடுங்க, எடுக்கறேன்."

அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு. மச்சான் என்பதால் செய்யவில்லை. திங்கட்கிழமை வேன் ஓடியது. வேறு வேனுக்குப் போன இரண்டு பிள்ளைகளில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று வரவில்லை. அந்த வீட்டில், நெருப்பில்லாமல் புகையுமா என்று பேசிக்கொண்டார்களாம்.

இத்தோடு மச்சான் திருந்திவிட்டார் என்று நானும் நம்பினேன். மூன்று வாரம் கழித்து அவரோடு மருந்துக் கடைக்குப் போனேன். தைலம் வாங்கினார். "நம்பர் சார்?" என்றாள் அங்கிருந்த பெண். மச்சான் கோபப்படவில்லை, எதற்கு என்று கேட்கவில்லை, கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. கடகடவென்று ஒரு நம்பரைச் சொன்னார். எங்கேயோ கேட்ட நம்பராக இருக்கிறதே என்று பார்த்தேன். என்னுடையது.

"என்ன மச்சான் இது?"

"முன்னாடி பண்ணினதுதான் தப்பு மாப்பிள்ளை. ஊர் பேர் தெரியாதவங்க நம்பர். இப்போ உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உடனே ஓடி வந்து சொல்லிடுவேன்ல?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் போன மாதம் ஒரு கடையில், அவசரத்தில், எதற்கு வம்பு என்று கடைசி இலக்கத்தை மட்டும் ஒன்று கூட்டிச் சொன்னீர்களே, அது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அந்த நம்பரும் யாரோ ஒருவருடைய மேஜைமேல் இருக்கிறது. ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்கிறவர், "நான் இப்போ ஸ்டேஷன்ல இருக்கேன், நீங்க யாரு?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதை மட்டும் முதலில் யோசித்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.